நீரில் உயிர்காக்கும் விளையாட்டு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

விளையாட்டுப் போட்டி என்றதும் ஓடுவதும், தாண்டுவதும், பந்தடிப்பதும் நம் நினைவுக்கு வருகின்றன. முந்தியவர் வெல்கிறார்; பிந்தியவர் கைகுலுக்கிவிட்டு வீடு திரும்புகிறார். தோற்றவருக்கு ஒரு பதக்கம் நட்டம், அவ்வளவே. ஆனால் உலகில் ஒரு விளையாட்டு உண்டு. அதில் வீரரின் கையில் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. மூழ்கிய மனிதனுக்குப் பதிலாக ஒரு பொம்மை இருக்கிறது. அங்கே கடிகாரம் அளப்பது வீரரின் வேகத்தை மட்டுமன்று; நீருக்குள் ஒருவர் மூச்சின்றிக் கிடக்கும் நேரத்தையும் சேர்த்தே அளக்கிறது. அதுவே நீரில் உயிர்காக்கும் விளையாட்டு.

எங்கள் உடற்கல்விப் பேராசிரியர் ஒருநாள் மைதானத்தில் பேச்சுவாக்கில் இவ்விளையாட்டைப் பற்றிக் கூறினார். அன்றுமுதல் இதைப் பற்றித் தேடிப் படித்து வருகிறேன். படித்ததில் எனக்குப் பிடிபட்ட உண்மை ஒன்றே: கரையில் நின்று கடமை செய்தவர்கள் தம் பயிற்சி துருப்பிடிக்காமல் இருக்கக் கண்டுபிடித்த உபாயமே இப்போட்டி. கடமையை மறக்காத வரையில்தான் இதற்கு மதிப்பு உண்டு. இக்கருத்தையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

விரைவு ஏன் வேண்டும்?

மூச்சு நின்ற மனிதனின் மூளைக்குப் பிராணவாயு கிடைக்காவிடில், நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மீளாத சேதம் தொடங்கிவிடுகிறது. அதற்கு முந்திய கட்டம் இன்னும் குறுகியது. நீச்சல் தெரியாதவர் மூழ்கும்போது திரைப்படத்தில் வருவதைப் போலக் கையை ஆட்டிக் கூச்சலிடுவதில்லை. மூச்சு விடவே வாய் போதாதபோது குரல் எழுப்ப ஏது வழி? நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய பிராங்க் பியா என்பவர் 1970களில் இதை ஆராய்ந்து, இவ்வாறு தத்தளிப்பவர் நீரின் மேல்மட்டத்தில் இருபது முதல் அறுபது நொடிகள் வரையே தாக்குப்பிடிப்பார் என்று விளக்கினார். ஆகவே உயிர்காப்பில் விரைவு என்பது ஆடம்பரம் அன்று. ஓட்டப் பந்தயத்தில் ஒரு நொடி என்பது ஒரு புள்ளிவிவரம். இங்கே ஒரு நொடி ஒரு மூச்சு.

தோற்றம்

நீர்நிலை உயிர்காப்பைப் பற்றிப் பல நாட்டவர் கூடிப் பேசிய மாநாடு 1878 இல் பிரான்சின் மார்சேல் துறைமுக நகரில் நடந்தது. இலண்டனில் 1891 இல் வில்லியம் ஹென்றி முதலானோர் முயற்சியால் உயிர்காப்புச் சங்கம் ஒன்று பிறந்தது. அதுவே பின்னர் அரச உயிர்காப்புச் சங்கம் என்று பெயர் பெற்றது. நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது, மூழ்குபவரைப் பிடிக்கவும், பிடியிலிருந்து விடுபடவும், இழுத்து வரவும், மூச்சூட்டவும் தனித்தனியே கற்க வேண்டும் என்பதே அச்சங்கத்தின் கொள்கை. 1910 இல் பாரிசில் சர்வதேச உயிர்காப்புக் கூட்டமைப்பு தோன்றியது.

எனினும், இது மக்கள் திரண்டு பார்க்கும் போட்டியாக வளர்ந்தது ஆஸ்திரேலியக் கடற்கரையில்தான். சிட்னிப் பகுதியில் பகல் வேளையில் பிறர் காணக் கடலில் குளிப்பது நெடுங்காலம் சட்டப்படி குற்றமாக இருந்தது. 1902 இல் மேன்லிக் கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்னும் பத்திரிகை ஆசிரியர், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பட்டப்பகலில் கடலில் இறங்கினார். தடை தளர்ந்தது, மக்கள் கூட்டம் கூட்டமாக அலைகளை நாடினர். கூட்டம் பெருகவே, மூழ்குவோர் தொகையும் பெருகியது. குளிக்க வந்தவர்களே குழுவாகச் சேர்ந்து காவல் நிற்கத் தொடங்கினர். கூலி இல்லை, விடுமுறை நாளில் தொண்டு.

போண்டைக் கடற்கரையில் 1906 இன் இறுதியில் ஒரு கருவி வெளிவந்தது. மரச்சட்டத்தில் பொருத்திய பெரிய உருளையில் நீளமான கயிறு சுற்றியிருக்கும். கயிற்றின் நுனியில் உள்ள இடைவாரைக் கட்டிக்கொண்டு ஒருவர் நீந்திச் செல்வார். மூழ்குபவரைப் பற்றியதும் கையை உயர்த்துவார். கரையில் நிற்பவர்கள் கயிற்றை இழுத்து இருவரையும் மீட்பார்கள். நம் ஊர்க் கிணற்று இராட்டினத்தை எண்ணிப் பார்த்தால் இதன் தத்துவம் எளிதில் விளங்கும்.

1907 ஜனவரியில் அதே போண்டையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அலையில் அகப்பட்டுக் காப்பாற்றப்பட்டான். சார்லஸ் கிங்ஸ்போர்டு ஸ்மித் என்னும் அச்சிறுவனே பின்னர் 1928 இல் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பசிபிக் பெருங்கடலை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த குழுவின் தலைவன்! ஓர் உயிரைக் காப்பவர், அவ்வுயிர் பின்னாளில் செய்யப்போகும் செயல்களையும் சேர்த்தே காக்கிறார் அல்லவா?

கடமையிலிருந்து போட்டி

1907 அக்டோபரில் கடற்கரை மன்றங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தன. 1908 ஜனவரியில் மேன்லியில் முதல் கடற்கரை விளையாட்டு விழா நடந்தது. 1915 இல் போண்டையில் ஆஸ்திரேலிய அளவிலான முதல் சாம்பியன் பட்டப் போட்டி நடைபெற்றது.

அக்காலத்துப் போட்டிகளின் உயிர்நாடி ‘மீட்பும் மூச்சூட்டலும்’ என்னும் நிகழ்ச்சியாகும். ஓர் அணியில் ஒருவர் இடைவாருடன் நீந்துவார். ஒருவர் நோயாளியாக நடிப்பார். மற்றவர்கள் கயிறு விடுவர், இழுப்பர், மூச்சூட்டுவர். படைவீரர்களின் பயிற்சியைப் போல ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். கயிறு சிக்கினால் மதிப்பெண் போகும். உண்மையான கடலில் கயிறு சிக்கினால் உயிர் போகும். விளையாட்டின் விதியும் கடலின் விதியும் ஒன்றாக இருந்தமையே இதன் சிறப்பு.

இதன் பயன் 1938 பிப்ரவரி 6 ஆம் நாள் வெளிப்பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை போண்டையில் பெருங்கூட்டம். அடுத்தடுத்து வந்த பேரலைகள் மணல்திட்டின்மேல் நின்றவர்களை வாரிக்கொண்டு ஆழத்துக்குச் சென்றன. ஏறத்தாழ 250 பேர் ஆபத்தில் சிக்கினர். அவ்வேளையில், மன்றத்தின் போட்டிக்காகவும் காவல் முறை மாற்றத்துக்காகவும் சுமார் 70 உயிர்காப்பாளர்கள் கரையில் கூடியிருந்தனர். போட்டிக்கு வந்தவர்கள் அப்படியே கடலில் பாய்ந்தனர். ஐந்து பேர் இறந்தனர், ஏனையோர் மீண்டனர். ‘கறுப்பு ஞாயிறு’ என்று அந்நாள் இன்றும் அழைக்கப்படுகிறது. போட்டி நாளில் கரையில் நின்ற அக்கூட்டம் இல்லாதிருந்தால் இழப்பு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

கருவி மாறியது, போட்டியும் மாறியது

1925 ஜூன் 14 அன்று கலிபோர்னியாவின் நியூபோர்ட் கடற்கரைக்கு அருகே தெல்மா என்னும் படகு கவிழ்ந்தது. ஒலிம்பிக் நீச்சல் வீரரான ஹவாய்த் தீவின் டியூக் கஹானமோகு, தமது அலைச்சறுக்குப் பலகையில் திரும்பத் திரும்பச் சென்று எட்டுப் பேரைக் கரை சேர்த்தார். விளையாட்டுப் பொருளாக இருந்த பலகை உயிர்காப்புக் கருவியாகவும் ஆகும் என்பதை உலகம் கண்டது.

1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கை ஒட்டி டார்க்கி என்னும் கடற்கரையில் பன்னாட்டு விழா ஒன்று நடந்தது. அமெரிக்க உயிர்காப்பாளர்கள் தாம் கொண்டுவந்த எடை குறைந்த பலகைகளால் ஆஸ்திரேலியர்களை வியக்க வைத்தனர். நாளடைவில் பலகையும், மிதவையும், இயந்திரம் பொருத்திய ரப்பர் படகும் பழைய உருளையின் இடத்தைப் பிடித்தன. 1990களில் உருளை காவற்பணியிலிருந்து ஓய்வு பெற்றது. பாரம்பரியப் போட்டியில் மட்டும் அது வாழ்கிறது.

மூச்சூட்டும் முறையும் இவ்வாறே மாறியது. 1903 இல் ஷேபர் வகுத்த முறைப்படி நோயாளியைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்துவது வழக்கம். 1950களின் இறுதியில் எலாம், சபார் ஆகிய மருத்துவர்கள் வாயோடு வாய் வைத்து ஊதுவதே சிறந்தது என மெய்ப்பித்தனர். அதன்பின் உயிர்காப்புச் சங்கங்கள் பழைய முறையைக் கைவிட்டுப் புதியதைக் கற்றன. பழக்கத்தைவிட உண்மை பெரிது என்று ஏற்பதுதானே அறிவியல்!

இன்னொரு மாற்றம் என்னைப் போன்ற மாணவிகள் அறிய வேண்டியது. ஆஸ்திரேலிய அலைக்கரை மன்றங்களில் பெண்கள் முழு உறுப்பினர்களாகக் காவல் நிற்கும் உரிமை 1980 ஜூலையில்தான் கிடைத்தது. கடல் ஆண், பெண் பார்த்து இழுப்பதில்லை. அதனின்று மீட்கும் உரிமைக்கு மட்டும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

1971 இல் உலக உயிர்காப்பு அமைப்பு உருவாகியது. அதுவும் 1910 ஆம் ஆண்டுக் கூட்டமைப்பும் 1993 இல் இணைந்து சர்வதேச உயிர்காப்புச் சம்மேளனம் ஆயின. ஒலிம்பிக்கில் இடம்பெறாத விளையாட்டுகளுக்கான உலக விளையாட்டு விழாவில், 1985 இல் இலண்டனில் இவ்விளையாட்டுச் சேர்க்கப்பட்டது. ஈராண்டுக்கு ஒருமுறை உலக சாம்பியன் பட்டப் போட்டி நடத்துவது மரபு. 2024 இல் அது ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் நடந்தது.

குளத்தில் நடக்கும் போட்டிகள்

இப்போட்டிகள் குளத்திலும் கடலிலும் நடைபெறுகின்றன. குளப் போட்டிகளுள் முக்கியமான சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, 200 மீட்டர் தடை நீச்சல். நீரில் தொங்கவிட்ட தடைகளுக்கு அடியில் எட்டு முறை மூழ்கி எழ வேண்டும். அலைக்கும் இடிபாட்டுக்கும் அடியில் புகுந்து செல்லும் பயிற்சி இது.

இரண்டாவது, 50 மீட்டர் பொம்மை சுமத்தல். 25 மீட்டர் நீந்தி, அடியில் கிடக்கும் பொம்மையை மூழ்கி எடுத்து, எஞ்சிய 25 மீட்டர் சுமந்து செல்ல வேண்டும். பொம்மையின் கழுத்தையோ வாயையோ மூக்கையோ பிடித்து இழுத்தால் தகுதி நீக்கம். பொம்மைக்கு வலிக்காதுதான்; ஆனால் வீரரின் கை, மனிதனைப் பிடிக்கும் முறையையே பழக வேண்டும் என்பது விதியின் உட்கருத்து.

மூன்றாவது, காலில் ரப்பர்த் துடுப்பு மாட்டிக்கொண்டு மிதவையுடன் நீந்திச் சென்று, அதனைப் பொம்மைக்கு மாட்டி இழுத்துவரும் 100 மீட்டர் போட்டி.

நான்காவது, கயிறு எறிதல். 12.5 மீட்டர் தொலைவில் நீரில் இருக்கும் தன் அணித் தோழருக்குக் கயிறு எறிந்து, அவரைச் சுவர்வரை இழுத்துவிட வேண்டும். கயிற்றின் நுனியில் எடை எதுவும் கட்டக் கூடாது. மொத்தக் கெடு 45 நொடிகள். மேலே கூறிய இருபது முதல் அறுபது நொடிக் கணக்கை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கெடுவின் அருமை விளங்கும்.

ஐந்தாவது போட்டியில் வேகம் மட்டும் உதவாது. நால்வர் கொண்ட அணியைத் தனியே அடைத்து வைத்து, பின்னர் முன்பின் தெரியாத ஒரு விபத்துக் காட்சிக்கு முன் நிறுத்துவார்கள். ஒருவர் மயங்கிக் கிடப்பார். ஒருவர் நீச்சல் தெரியாமல் தத்தளிப்பார். ஒருவருக்குக் கை முறிந்திருக்கும். யாரை முதலில் காப்பது, யார் போவது, உதவிக்கு யாரை அழைப்பது என இரண்டே நிமிடங்களில் முடிவு செய்து செயல்பட வேண்டும். தன் உயிருக்கு ஆபத்து வரும்படி நடப்பவர் மதிப்பெண் இழப்பார். தேர்வு எழுதும் நமக்கு மூன்று மணி நேரம் தருகிறார்கள். இவர்களுக்கு இரண்டு நிமிடம்!

இயற்பியல் கண்ணோட்டம்

நீரில் மிதக்கும் உடலின் எடையை, அது விலக்கிய நீரின் எடை தாங்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. ஆகவே உடல் முழுதும் நீருக்குள் இருக்கும்போது அதைத் தாங்கச் சிறு விசை போதும். ஆனால் தலையை நீருக்கு வெளியே தூக்கினால், அப்பகுதிக்குரிய மிதப்பு விசை அற்றுப்போகிறது. மனிதத் தலை ஏறத்தாழ நான்கரைக் கிலோகிராம்; அச்சுமை முழுதும் மீட்பவரின் காலடிப்பின் மேல் விழுகிறது. மூழ்குபவர் பயத்தில் மீட்பவரின் தோள்மீது ஏற முயன்றாலோ, நெஞ்சும் கையும் வெளியே வந்து சுமை பலமடங்காகிறது. நல்ல நீச்சல்காரரும் ஏன் சேர்ந்து மூழ்குகிறார் என்பதற்கு இதுவே விடை. இருவருக்கும் இடையே ஒரு மிதவை இருந்துவிட்டால் அச்சுமையை அது ஏற்றுக்கொள்கிறது.

அடுத்து, கடலின் இழுப்பு. கரையில் மோதிக் குவிந்த நீர், மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியே ஆறு போலக் கடலுக்குத் திரும்புகிறது. அதன் வேகம் சில வேளைகளில் நொடிக்கு 2.4 மீட்டர் வரை எட்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 நொடிகளில் நீந்தி உலக சாதனை படைத்தார். அவருடைய சராசரி வேகம் நொடிக்கு 2.16 மீட்டர். உலகின் அதிவேக நீச்சல்காரரும் அவ்விழுப்பை எதிர்த்து வெல்ல முடியாது. எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி வெளியேறுவதே அறிவு. அனுபவமுள்ள போட்டியாளரோ, கடலுக்குள் விரைந்து செல்ல அதே இழுப்பைப் பயன்படுத்திக் கொள்கிறார்.

போட்டி கடமையை மறந்தபோது

நாணயத்தின் மறுபக்கத்தையும் சொல்லாவிடில் இக்கட்டுரை முழுமை பெறாது. நீச்சல், பலகை, துடுப்புப் படகு, ஓட்டம் ஆகியவற்றை இணைத்த ‘இரும்பு மனிதன்’ போட்டி 1960களில் ஆஸ்திரேலியாவில் தோன்றியது. 1980 இல் கிராண்ட் கென்னி என்னும் பதினாறு வயது இளைஞர் இளையோர் பட்டத்தையும் திறந்தநிலைப் பட்டத்தையும் ஒருசேர வென்று நாடறிந்த வீரரானார். தொலைக்காட்சியும் விளம்பரமும் பரிசுப் பணமும் பின்தொடர்ந்தன.

கோல்டு கோஸ்டின் குராவா கடற்கரையில் நடந்த தேசியப் போட்டிகளின்போது 1996, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் இளம் போட்டியாளர் மூவர் கொந்தளித்த கடலில் உயிரிழந்தனர். பிறர் உயிரைக் காக்கப் பயின்ற பிள்ளைகள் போட்டியிலே மாண்டது எத்துணைக் கொடுமை! கடல் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும்போது போட்டியை நிறுத்துவதும் உயிர்காப்பின் முதற்பாடமே. அப்பாடத்தைப் பதக்கம் மறைத்துவிடக் கூடாது.

நமக்கு இதில் என்ன?

“கடலும் இல்லை, நீச்சல் குளமும் இல்லை, நம் கல்லூரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று தோழியர் கேட்கலாம். 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை, ஜூலை 25 ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. நம் நாட்டில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறக்கின்றனர். இவர்களுள் மிகப் பலர் மாண்டது கடலில் அன்று. குளத்திலும், கிணற்றிலும், ஆற்று மடுவிலும், கல்குவாரிக் குட்டையிலும்தான்.

என் பெற்றோர் கூலி வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நானே முதல். எங்கள் ஊரில் பையன்கள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகுவார்கள். பெண்பிள்ளைகள் துணி துவைக்கும் கல்லோடு சரி. நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது, ஊருக்கு வெளியே உள்ள குவாரிக் குட்டையில் ஒரு சிறுவன் தவறி விழுந்தான். உடனே குதித்த அவன் சித்தப்பா எங்கள் ஊரிலேயே நல்ல நீச்சல்காரர். பையன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இருவரையும் மாலையில்தான் எடுத்தார்கள். அன்று கரையில் நின்றவர்கள் பலர். மாடு கட்டும் கயிறும் அங்கேயே கிடந்தது. அதை எறிய வேண்டும் என்று யாருக்கும் கற்பிக்கப்படவில்லை. அவருக்கு நீந்தத் தெரியும்; கரைக்குத்தான் காக்கத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணைக்கட்டில் நடந்தது. நான்கு இளைஞர்கள் நீரில் சிக்கினர். அங்கிருந்த மூன்று பெண்கள் சற்றும் தயங்காமல் தாம் உடுத்தியிருந்த சேலைகளைக் கழற்றி எறிந்து இருவரை இழுத்து மீட்டனர். மற்ற இருவரையும் மீட்க இயலவில்லை. அப்பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. ஒரு சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். இரண்டை முடிந்தால் பதினோரு மீட்டர். உலகப் போட்டியின் 12.5 மீட்டருக்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது! எந்த மன்றத்திலும் பயிலாமல் அப்பெண்கள் செய்ததையே உலக வீரர்கள் குளத்தில் பயில்கிறார்கள்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடமும் மாணவ நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நமக்கு நீச்சல் குளம் என்று வருமோ, அறியோம். ஆனால் கயிறு எறியும் பயிற்சிக்கு நீர் தேவையில்லை. நம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 12.5 மீட்டருக்கு அப்பால் ஒருவரை உட்கார வைத்து, பதினேழு மீட்டர்க் கயிற்றை எறிந்து பழகலாம். கயிற்றை எப்படிச் சுருட்டினால் சிக்காது, எப்படி வீசினால் ஆளைத் தாண்டி விழும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைவரும். வரும் ஆண்டு விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டத்துக்கும் குண்டெறிதலுக்கும் பக்கத்தில் இதையும் ஒரு போட்டியாகச் சேர்க்கலாம். ஆண், பெண் இருபாலருக்கும், 45 நொடிக் கெடுவோடு. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குச் செல்லும்போது, அந்தந்த ஊர்க் குளக்கரையில் ஒரு கயிற்றையும் காலி பிளாஸ்டிக் குடத்தையும் மாட்டி வைத்து, அவற்றை எறியும் முறையை ஊராருக்குக் கற்றுக்கொடுத்து வரலாம். குதிப்பதற்கு முன் எறி; எறிவதற்கு முன் கூவி ஆள் கூட்டு. கற்றுக்கொடுக்க வேண்டியது இவ்வளவே.

இப்போட்டியில் முதற்பரிசு பெறுபவருக்குச் சான்றிதழ் ஒன்று கிடைக்கும். கலந்துகொண்டு தோற்பவர்களுக்கும் அவரைப் போலவே ஒரு கலை கைவந்திருக்கும். என்றோ ஒருநாள் ஏதோ ஒரு குட்டையின் கரையில் அவர்களுள் ஒருவர் நிற்க நேரிட்டால், அங்கே கிடக்கும் கயிறு சும்மா கிடக்காது.